கை குளிருது

மார்ச் 6, திங்கள்

நான் வேலையால் வந்து பேசத் தொடங்கினால் இரவுச் செய்தி வரைக்கும் நிறுத்துவதில்லையாம். "எனக்குக் கடவுள் ரெண்டு காதுதான் தந்தவர், திலகம். மிச்சத்தை இதிலை எழுதும்" என்று நித்தி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய மனுசன் கடைசியில் எனக்குக் கொப்பி கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறார்.

சரி, எழுதுவோம். நான் திலகேஸ்வரி. வேலையில் தில்லி. என் பெயரை முழுதாகச் சொல்ல முயன்று பல் செட்டைத் தவறவிட்ட ஒரு கிழவர் வைத்த பெயர் அது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் வடகரை யூத உதவிச் சங்கத்தின் குசினியில் மூன்றாவது வருடமாகச் சமைக்கிறேன். பிள்ளைகள் லண்டனுக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட, நாலு சிற்றூர்களில் தனித்தனியே மிஞ்சிப் போயிருக்கும் யூத முதியவர்களுக்குச் சூடான சாப்பாடு சமைத்து, நானே வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவது என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதிவிடுகிறேன்.

குசினிக்கு ராணி மிரியம். எழுபத்தாறு வயது. உணவு அவர்கள் வேத முறைப்படி இருக்கிறதா என்று பார்க்கும் மேற்பார்வையாளருக்கு 'ஷோமர்' என்று பெயர். இந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஷோமர் மிரியம்தான். எதை நறுக்கலாம், எந்தக் கத்தியால் நறுக்கலாம் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். கீரையை இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி தேடுவார்.

முதல்நாள் வேலைக்குப் போனபோது நான் தீப்பெட்டியை எடுத்தேன். மிரியம் பறித்துவிட்டார். "அடுப்பை நீர் மூட்டக் கூடாது. யூதக் கைதான் மூட்ட வேணும். பிறகு எவ்வளவும் சமையும்." எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. எங்கள் ஊரில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் எந்தப் படியில் நிற்கலாம் என்று எழுதி வைத்தாற்போல் இருந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. கடல் கடந்து வந்தும் என் கைக்குத் தீட்டா என்று அன்றே வேலையை விடப் பார்த்தேன். மிரியம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோவிக்காதையும். ஆயிரம் சமையல் நீர் செய்யலாம். நாங்கள் ஒரு குச்சியாவது எடுத்து வைக்காட்டில் சாப்பாடு எங்களுடையது இல்லை. சோம்பேறியள் எண்டு கடவுளுக்குத் தெரியும், அதுதான் இப்பிடி ஒரு சட்டம்."

சிரித்துவிட்டேன். சிரித்தபின் எப்படி வேலையை விடுவது?

மார்ச் 8, புதன்

இன்று காலையும் மிரியத்துக்குக் கை குளிர்ந்ததாம். குசினிக்குள் நான் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறேன்.

மார்ச் 11, சனி

சனிக்கிழமைகளில் மண்டபத்தில் மதியச் சாப்பாடு. முதல்நாளே சமைத்துச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிடுவோம். ஓய்வுநாளில் அவர்கள் ஒரு விளக்கைக்கூடப் போட மாட்டார்கள். யூதர் அல்லாத என்னிடம் போடச் சொல்லவும் கூடாது. ஆனால் சாடையாகச் சொல்லலாமாம்.

"இந்தக் கழிப்பறையிலை என்ன இருட்டு" என்பார் ஒருவர், சுவரைப் பார்த்து. நான் போய் விளக்கைப் போடுவேன். "ஆரோ சன்னலைத் திறந்து விட்டிருக்கினம் போல" என்பார் இன்னொருவர். மற்ற வேலைக்காரர்கள் இதில் குழம்பிப் போய்விடுவார்களாம். எனக்கென்ன குழப்பம்? பன்னிரண்டு வருடம் என் மாமியோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். "சில வீடுகளில் பின்னேரம் தேத்தண்ணி குடுக்கிறவையாம்" என்று கோழியிடம் சொல்வார், நான் தேநீர் போடுவேன். சாடை படிக்கும் வித்தையில் பட்டம் பெற்றுத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

மிரியத்துக்கு மட்டும் வாரம் ஏழு நாளும் ஓய்வுநாள். ஒரு உதவியும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அடுப்படியில் நின்று, "தில்லி, என்ரை கை குளிருது" என்பார். நான் போய் அவர் கையைப் பிடித்துச் சூடாக்குவேன். பிடித்தபடியே அவர் அடுப்பை மூட்டுவார். வேறொன்றுமில்லை.

மார்ச் 14, செவ்வாய்

இன்று வான் பயணத்தில் கடைசி வீடு ரூபின் ஐயா. தொண்ணூற்றொரு வயது. மனைவி போனபிறகு இரண்டு வருடமாக வாசற்படி தாண்டவில்லை. நான் கொண்டுபோகும் கோழி சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டுத் தினமும் ஒரே தீர்ப்பு:

"வெதுவெதுப்பு."

"இருபது மைல் ஓடி வாறன், ஐயா."

"அப்ப சூப்பும் களைச்சுப் போச்சு."

பெஸாக் பண்டிகை வருகிறது. எகிப்தில் அடிமையாய் இருந்த அவர்கள் மூதாதையர் விடுபட்டதை நினைக்கும் பண்டிகை. முதல் இரவு விருந்தைத் தனியே சாப்பிடுவது பெரும் துக்கமாம். அதனால் தனியாய் இருக்கும் எல்லோரையும் சங்கம் மண்டபத்துக்கு அழைக்கும். நான் ரூபின் ஐயாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வீட்டுத் திரைச்சீலையிடம் சொன்னேன்: "மண்டபத்திலை அடுப்பிலையிருந்து மேசைக்குப் பத்தடிதான். அங்கை சூப் கொதிக்கக் கொதிக்க வரும். வாறவைக்குக் குடுத்து வைச்சிருக்கு."

கிழவர் காலணி எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 20, திங்கள்

சங்கத் தலைவர் ஹரல்ட் பிரோடி குசினிக்கு வந்தார். கெட்ட மனுசன் இல்லை. வீடு விற்கும் தரகர், எதைப் பார்த்தாலும் எங்கே ஒழுகும் என்றுதான் கண் போகும். மிரியம் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி பாத்திர விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. தலைவர் அதையே பார்த்தார்.

"குளிர்" என்றேன் நான்.

"இஞ்சையோ?" என்றார் அவர். அவர் நெற்றியில் வேர்வை.

மிரியம் கழுவப் போனபின் தலைவர் என்னிடம் சொன்னார்: "தில்லி, எனக்கு ஆசையில்லை. ஆனால் அடுப்பு மூட்ட ஏலாத ஒருத்தரை நெருப்புக்குப் பக்கத்திலை விட்டிட்டு நான் நித்திரை கொள்ளேலாது. வேறை ஷோமரும் இல்லை. லண்டனிலையிருந்து உறையவைச்ச சாப்பாட்டுப் பெட்டி எடுக்கலாம் எண்டு குழு சொல்லுது. பெஸாக் இரவை ஒழுங்கா நடத்திக் காட்டுங்கோ. அதைப் பார்த்திட்டுத்தான் இந்தக் குசினியை வைச்சிருக்கிறதோ பூட்டுறதோ எண்டு முடிவு."

உறைந்த பெட்டி! யாரோ முகம் தெரியாதவன் மூடி ஒட்டிய சாப்பாடு. அதை வாசலில் வைத்து மணி அடித்துவிட்டுப் போவார்களாம். ரூபின் ஐயா யாரிடம் வெதுவெதுப்பு என்று சொல்லுவார்? மிரியம் விடிந்ததும் எங்கே போவார்?

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கிலோ வெங்காயம் தேவைக்கு அதிகமாக நறுக்கிவிட்டேன்.

மார்ச் 21, செவ்வாய்

மிரியத்துக்குக் கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். "நல்ல நிறம்" என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

மார்ச் 28, செவ்வாய்

துப்புரவு வேலையில் இடுப்பு முறிந்தது. பெஸாக் எட்டு நாளும் கோதுமை சேர்ந்த துரும்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இவர்கள் வழக்கத்தில் அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை. அரிசியும் பருப்பும் இல்லாமல் எட்டு நாள் என்றதும் முதல் வருடம் எனக்குத் தலை சுற்றியது. சட்டிபானை முழுவதும் மாறும். அடுப்பைச் சிவக்கச் சிவக்க எரித்து எடுக்க வேண்டும். "கழுவினால் போகாதோ?" என்று அப்போது கேட்டேன். "பாத்திரம் குடிச்சதை மறக்காது" என்றார் மிரியம். இதை எங்களுக்கா சொல்ல வேண்டும்? பெருங்காயம் வைத்த பாண்டம் என்று நாங்கள் பழமொழியே வைத்திருக்கிறோம்.

அந்தப் பெருங்காயமே இன்று மானத்தை வாங்கப் பார்த்தது. என் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் பையில் ஒரு சின்னப் பெருங்காய டப்பா எப்போதும் இருக்கும். எதற்கும் பார்ப்போமென்று கண்ணாடியைப் போட்டு டப்பாவின் பின்புறம் வாசித்தால், கோதுமை மா கலந்ததாம்! இத்தனை வருடம் கரைத்துக் குடித்திருக்கிறேன், தெரியாது. துப்புரவு செய்த குசினிக்குள் அது வருமுன்னே வாசலிலேயே பார்த்தது என் அம்மன் புண்ணியம். ஓடிப்போய் வானுக்குள் பூட்டிவிட்டு வந்து மிரியத்திடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இனி உம்மைத்தான் ஷோமர் ஆக்க வேணும்."

மூன்று வருடத்தில் அவர் என்னை மெச்சியது இதுதான் முதல் தடவை. வீடு வரும்வரை வானுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 1, சனி

நித்தி இன்று கேட்டார்: "உம்மடை மிரியத்துக்குக் கை குளிருறது சும்மா இருக்கேக்கையும் இருக்கோ, இல்லை வேலை செய்யேக்கை மட்டுமோ?"

"ஏன் கேக்கிறியள்?"

"எங்கடை அம்மாவுக்கும் முதல்லை கைதான் குளிர்ந்தது."

நித்திக்கு எல்லாவற்றிலும் ஒரு கதை. மாமியுடைய நோய் வேறு. இது வடகடல் காற்று. யார் இந்தக் கொப்பியைப் படித்தாலும் தெரிந்துகொள்ளட்டும்: குளிர்தான். இன்று புளிக்கறிக்கு உப்புக் கூடிவிட்டது.

ஏப்ரல் 5, புதன், காலை

இன்று மாலை விருந்து. ரூபின் ஐயா வருகிறாராம். வானொலியில் புயல் என்கிறார்கள். பிள்ளையாரே, பார்த்துக்கொள்.

ஏப்ரல் 6, வியாழன்

எழுதாமல் இருக்க முடியாது. நித்தி இரண்டு காதையும் தந்தும் போதவில்லை.

நேற்றுப் பொழுது சாயுமுன் சமையல் எல்லாம் முடிந்தது. சூப்பும் கோழியும் மின்சாரச் சூட்டுப் பெட்டியில். பண்டிகையில் புதிதாக நெருப்பு உண்டாக்கக் கூடாது, ஏற்கெனவே எரிகிற நெருப்பிலிருந்து பற்றவைக்கலாம். அதனால் முன்கூட்டியே ஒரு அடுப்பைச் சிறு சுடராக எரிய விட்டிருந்தோம். பெண்கள் மேசை ஓரத்தில் பண்டிகை மெழுகுதிரிகளை ஏற்றினார்கள். ரூபின் ஐயா கழுத்துப்பட்டியோடு வந்து, குசினிக்கு மிகக் கிட்டிய கதிரையைப் பிடித்துக்கொண்டார். "பத்தடி எண்டு சொன்னாய். நான் அளந்தன், பன்னிரண்டு."

வெளியே காற்று ஊளையிட்டது. திடீரென்று மின்சாரம் போனது. தெரு முழுக்க இருட்டு. அடுத்த நிமிடம் பின்கதவு படாரென்று அடித்துத் திறந்து, உள்ளே வந்த காற்று அடுப்புச் சுடரையும் தின்றுவிட்டது. நான் பாய்ந்து வாயுவை மூடி, நாற்றம் போகச் சன்னலைத் திறந்தேன். சூட்டுப் பெட்டி செத்துவிட்டது. சூப் ஆறத் தொடங்கியது. மண்டபம் முழுக்க எண்பது, தொண்ணூறு வயதுக்காரர், மேலங்கியை மறுபடி போட்டுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு மெழுகுதிரி வெளிச்சத்தில்.

ஆனால் தொடங்கிவிட்டார்கள். பசித்தவர் எல்லோரும் வந்து உண்ணட்டும் என்று தொடக்கத்தில் வாசிப்பார்கள். உண்ணக் கொடுப்பதற்கு என்னிடம் குளிர்ந்த சூப்தான் இருக்கிறது. பிறகு மேசையில் வயதில் இளையவர் நாலு கேள்வி பாட வேண்டும். அங்கே கடைக்குட்டி ஐம்பத்தெட்டு வயதான தலைவர்தான். மொட்டைத் தலையோடு எழுந்து நின்று பிள்ளைபோல் பாடினார். பாடி முடித்ததும் நேரே குசினிக்கு வந்தார்.

"நான் மூட்டுறன். மிரியம், நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

ஒரு நீளக் குச்சியை மெழுகுதிரியில் பற்றவைத்து வந்தார். பாதி வழியில் அணைந்தது. மறுபடி போனார். இம்முறை அடுப்பு வரை வந்து குமிழைத் திருகினார். அந்த அடுப்பு கிழட்டு மாடு. குமிழை அமத்திப் பிடிக்க வேண்டும், சுடரைக் கீழால் கொடுக்க வேண்டும். அது 'டுப்' என்று அவர் சட்டைக்கையைக் கருக்கிவிட்டு அணைந்தது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் பரிமாறும் சன்னல் ஒன்று, அது நிறைய முகங்கள். மிரியம் இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றார். நான் மனதுக்குள், மூட்டாதேயுங்கோ, எல்லார் முன்னாலும் வேண்டாம், என்று கெஞ்சினேன். குசினி போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

மிரியம் கைகளை வெளியே எடுத்தார். மெழுகுதிரி மேசைக்கு நடந்துபோய்க் குச்சியைப் பிடித்தார். குச்சியின் நுனி சுடரைச் சுற்றிச் சுற்றி அலைந்தது, தொடவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"தில்லி, என்ரை கை குளிருது."

போனேன். வலக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், இடக்கையால் முழங்கையை. குச்சி பற்றியது. கல்யாணத்தில் மணவறை சுற்றுவதுபோல் இருவரும் ஒட்டி ஒட்டி நடந்தோம். அவருடைய நடுக்கம் என் தோள்வரைக்கும் ஏறியது. ஆம், நடுக்கம்தான். எழுதிவிட்டேன். சுடரும் நடுங்கியது, ஆனால் அணையவில்லை. அடுப்படியில் அவர் இடக்கையால் குமிழை அமத்தி, சுடரைக் கீழால் கொடுத்தார். நீல வளையம் ஒன்று 'பொக்' என்று பூத்தது.

தலைவர் கிட்ட வந்தார். எங்கள் கைகளைப் பார்த்தார்.

"ஆர் மூட்டினது?"

"நான்" என்றார் மிரியம். நாடியை நிமிர்த்தி. பிறகு யாரும் கேட்காமலே, "ஆனால் தனியே இல்லை, ஹரல்ட். ஒரு வருசமாத் தனியே ஏலேல்லை. தில்லி பிடிக்கிறவ. குளிர் எண்டு சொன்னது பொய்" என்றார்.

அந்த வாயைப் பொத்த எனக்கு இரண்டு கையும் போதாது. மூன்று வருடமாகச் சாடையாகவே பேசின மனுசி, நேரே பேச இந்த இரவா கிடைத்தது?

அப்போது பரிமாறும் சன்னலுக்குள்ளால் ரூபின் ஐயாவின் குரல் வந்தது.

"ஒரு கேள்வி. இண்டைக்குக் கேள்வி கேக்கிற இரவுதானே? சட்டத்திலை என்ன கிடக்கு? யூதக் கை மூட்ட வேணும் எண்டா, மிரியத்தின்ரை கை மூட்ட வேணும் எண்டா?"

தலைவர் கருகின சட்டைக்கையை மடித்துவிட்டார். "யூதக் கை."

"இந்த மண்டபத்திலை எத்தினை யூதக் கை கிடக்கு, ஹரல்ட்? ஒண்டுக்கும் வேலையில்லாமல் வீட்டிலை மடிச்சு வைச்சிருக்கிற கை?"

அவரே எழுந்தார். தன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் குச்சியைப் பற்றவைத்தார். எங்கள் அடுப்புக்கு ஆறு வாய். இரண்டாவதை ரூபின் ஐயா மூட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா எழுந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். இருட்டில் குச்சிகளோடு வரிசை நின்றது. கண் தெரியாத, காது கேளாத கிழடுகள் எல்லாம் "என்ரை முறை, என்ரை முறை" என்று சண்டை. மிரியம் அடுப்படியில் தளபதிபோல் நின்றார்: "அமத்துங்கோ! இன்னும் அமத்துங்கோ! இப்ப கீழாலை!" ஆறாவது வாயைத் தலைவரே மூட்டினார். அதுவும் மிரியம் மூன்று தரம் ஏசினபிறகு. பற்றியதும் மண்டபமே கைதட்டியது. அவர் காது சிவந்துபோனது மெழுகுதிரி வெளிச்சத்திலும் தெரிந்தது.

சூப் கொதித்தது. முதல் கோப்பையை ரூபின் ஐயாவுக்கு வைத்தேன். ஒரு கரண்டி குடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பயந்துபோனேன்.

"நாக்கைச் சுட்டுப்போட்டுது" என்றார். "இன்னொரு கோப்பை வை."

விருந்து முடிவில் பாடினார்கள். மேசையைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். நான் குசினி வாசலில் நின்று அழுதேன். வெங்காயம் ஒன்றும் நறுக்கவில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

குழு கூடியது. பெட்டிக்காரருக்கு வேண்டாம் என்று பதில் போய்விட்டது. குசினி இருக்கும். தலைவர் மதகுருவிடம் கேட்டுவிட்டார், எந்த யூதக் கை மூட்டினாலும் தடையில்லை. மிரியம் ஷோமராகவே இருப்பார். அவர் வேலை கண்ணில்தான் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கு இன்னும் பூச்சி தப்பவில்லை. அடுப்பு மூட்டக் காலையில் முறை வைத்து ஆள் வரும். நான் வானில் போய் ஏற்றி வரவேண்டும். திங்கட்கிழமையை யாருக்குக் கொடுப்பது என்பதில் இரண்டு கிழவிகள் பேசாமல் இருக்கிறார்கள். ரூபின் ஐயா வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கிவிட்டார். சனிக்கும் சேர்த்துப் பெரிய சூப் பானை ஏறுவது வெள்ளிதான்.

ஏப்ரல் 12, புதன்

மிரியத்தை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மருத்துவர் அந்தக் குளிருக்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார். மருந்து இருக்கிறதாம், நோய் மெல்ல மெல்லத்தான் கூடுமாம். வரும் வழியில் மிரியம் அந்தக் கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டார். "நல்ல நிறம்" என்றேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரைப் புத்தாண்டு. பெஸாக் நேற்று மாலையோடு முடிந்தது. இன்று அடுப்பை மூட்டினது ரூபின் ஐயா. குமிழை எப்படி அமத்துவது என்று எனக்கே பாடம் எடுத்தார். வேலையை மத்தியானத்தோடு முடித்து, வீட்டில் பொங்கல். மிரியத்தை வரச் சொன்னேன். எங்கள் வீட்டில் அவர் ஒன்றும் சாப்பிட மாட்டார், தன் கோப்பையும் குடுவையும் கொண்டுதான் வந்தார். நித்தி வேட்டியோடு நின்று வரவேற்றார். மிரியம் அவரை மேலும் கீழும் பார்த்து, "உம்மடை ஆளுக்கு இது கால்சட்டையைவிட வடிவு" என்றார். நித்தி இப்போது வேட்டியை மாற்ற மாட்டேன் என்கிறார்.

பானையை வைத்தேன். பாலை ஊற்றினேன். எங்களிடமும் ஒன்று இருக்கிறது. கைராசி. வருடப் பிறப்பன்று கைராசி உள்ள ஒருவர் கையால் தொடங்கினால் வருடம் முழுக்க நன்றாக இருக்கும் என்பார்கள். என் மாமி இருந்திருந்தால் கோழியிடம் சொல்லியிருப்பார். நான் தீப்பெட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, சன்னலைப் பார்த்துச் சொன்னேன்:

"மிரியம், எனக்கு இண்டைக்குக் கை குளிருது."

அவர் என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். தீப்பெட்டியைப் பார்த்தார். முதல்நாள் அவர் என்னிடம் பறித்ததும் தீப்பெட்டிதான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் ஒரு குச்சியை எடுத்தார், நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். குச்சி இரண்டு தரம் வழுக்கி மூன்றாம் தரம் பற்றியது.

பால் பொங்கி வழிந்தது. சத்தம் கேட்டு நித்தி ஓடி வந்தார்.

"ஆர் மூட்டினது?"

"நாங்கள்" என்றார் மிரியம், தமிழில். அந்த ஒரு சொல்லை எப்போது படித்தார் என்று எனக்குத் தெரியாது.